மட்டியும் நண்டும் மார்க்கமும்: கடலுணவில் ஹலாலும் தய்யிபும்

 

 

நாம் வாழும் திருகோணமலை மாவட்டத்தைக் கிழக்கே கடல் தழுவி நிற்கின்றது. ஒருபுறம் உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம். மறுபுறம் மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. உள்ளே தம்பலகாமக் குடாவும் அதனைச் சூழ்ந்த கண்டல் காடுகளும் கழிகளும். கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை ஆகிய ஊர்களில் வாழும் நம்மவர்களுள் பெருந்தொகையினருக்குக் கடலே தொழில், கடலே உணவு. இறால், சிங்கி இறால், கடல் நண்டு, கழி நண்டு, மட்டி, சிப்பி, சங்கு என ஓடுடைய உயிரினங்கள் எத்தனையோ நமது கரைகளில் கிடைக்கின்றன.

இவற்றைப் பற்றி இளைஞர்களிடமிருந்து அடிக்கடி வரும் வினா ஒன்று உண்டு. “நண்டு ஹலாலா, ஹராமா? மட்டி உண்ணலாமா? எங்கள் வீட்டில் வாப்பா உண்கிறார். சம்பந்தி வீட்டில் அதனைத் தொடவே மாட்டார்கள். யார் சொல்வது சரி?” இவ்வினா சில வேளைகளில் அறிவைத் தேடும் வினாவாக இல்லாமல், ஒருவரை ஒருவர் மட்டந்தட்டும் வினாவாக மாறிவிடுகின்றது. விருந்து மேசையில் தொடங்கும் தர்க்கம் குடும்பங்களுக்கிடையே மனக்கசப்பாக முடிகின்றது. எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

கடலின் அருட்கொடை

அல்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயமான அல்மாஇதாவின் 96ஆம் வசனம், கடலில் வேட்டையாடப்படுவதும் அதன் உணவும் நமக்கும் பயணிகளுக்கும் பயன்படும் பொருட்டு ஆகுமாக்கப்பட்டுள்ளன என்று அறிவிக்கின்றது. இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருக்கும் நிலையிலும் கடல் வேட்டை தடுக்கப்படவில்லை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

கடலில் பயணம் செய்யும் ஒருவர், குடிநீர் குறைவாக இருக்கும்போது கடல் நீரில் வுழூச் செய்யலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். அதன் நீர் தூய்மையானது என்று பதிலளித்த நபியவர்கள், அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள்: கடலில் தானாக இறந்ததும் ஹலாலே. அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் இந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ளது.

அபூஉபைதா (ரழி) அவர்களின் தலைமையில் முந்நூறு ஸஹாபாக்கள் கடற்கரைப் பகுதியொன்றுக்கு அனுப்பப்பட்ட வரலாறும் நமக்குப் பாடமாகும். உணவு தீர்ந்து, நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. அவ்வேளையில் ‘அன்பர்’ எனப்படும் மலை போன்ற ஒரு கடலுயிரினத்தை அலை கரையில் ஒதுக்கியது. பல நாட்கள் அதனை உண்டு பலம் பெற்றனர். மதீனா திரும்பியதும் செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அது அல்லாஹ் வழங்கிய உணவு என்று கூறி, எஞ்சிய இறைச்சியில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இமாம்களின் கருத்துகள்

இத்தகைய ஆதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டே நமது இமாம்கள் ஓடுடைய கடலுயிரினங்கள் பற்றி வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தனர்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹப் இதில் மிக விரிவானது. கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக அனைத்தும் ஆகுமானவை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் தவளை, முதலை, பாம்பு போன்றவை விலக்கப்பட்டு, நண்டு உட்பட ஏனையவை அனுமதிக்கப்படுகின்றன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில் நீர்வாழ் உயிரினங்களுள் மீன் மாத்திரமே உண்ணத்தக்கது. ஆகவே நண்டு, சிங்கி இறால், மட்டி, சிப்பி ஆகியவற்றை ஹனஃபிகள் உண்பதில்லை. இறாலை மீனோடு சேர்ப்பதா, இல்லையா என்பதில் ஹனஃபி அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன.

இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கடலில் மாத்திரம் வாழ்பவை ஹலாலாகும். இறாலும் சிங்கி இறாலும் அவ்வகையைச் சேர்ந்தவை. நண்டின் விடயத்தில்தான் பேச்சு எழுகின்றது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ எனும் நூலில், நீரிலும் நிலத்திலும் வாழ்பவை என்ற வகையில் தவளை, பாம்பு ஆகியவற்றோடு நண்டையும் சேர்த்து விலக்கியுள்ளார்கள். பின்வந்த விளக்கவுரையாளர்கள் பலர் அதனையே பின்பற்றினர். அதே இமாம் நவவி அவர்கள் ‘அல்மஜ்மூஃ’ எனும் பெருநூலில், தவளையைத் தவிரக் கடலிலுள்ள அனைத்தும் ஆகுமானவை என்பதே சரியான கருத்து என்று எழுதியுள்ளார்கள். ஒரே மத்ஹப், ஒரே இமாம், இரு நூல்களில் இரு விதமான கூற்றுகள்! எனவே “உண்ணக் கூடாது” என்று கூறும் மூத்த உலமாவும் ஆதாரமின்றிப் பேசவில்லை. “உண்ணலாம்” என்று கூறுபவரும் மார்க்கத்தை இலேசாக்கிவிடவில்லை.

மட்டியைப் பற்றியும் இத்தகைய ஓர் உரையாடல் முற்காலத்தில் எகிப்தில் நிகழ்ந்தது. ‘துனைலிஸ்’ எனப்படும் ஒருவகைச் சிறு மட்டியை உண்பது கூடாது என்று ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தீர்ப்பளித்ததாக நமது நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னர் வந்த இப்னு அத்லான் (ரஹ்) அவர்களும் அவரது காலத்து அறிஞர்களும் அது ஆகும் என்று ஃபத்வா வழங்கினர். இருவரும் ஷாஃபிஈ அறிஞர்களே. ஒருவரின் கருத்தை மற்றவர் மறுத்தார். ஆனால் ஒருவரின் ஈமானை மற்றவர் மறுக்கவில்லை.

கழி நண்டு நீர்வாழ்வதா, இருவாழ்வியா?

இக்காலத்தில் இவ்வினாவை அறிஞர்கள் எவ்வாறு அணுகினர் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நமது கண்டல் சேற்றில் கிடைக்கும் பெரிய கழி நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களைக் கட்டி, ஈரச் சாக்கில் வைத்தால் அது பல நாட்கள் உயிரோடிருக்கும். இதனாலேயே நமது நாட்டு நண்டு விமானமேறி உயிரோடு சிங்கப்பூரைச் சென்றடைகின்றது. அங்குள்ள உணவகங்களில் ‘இலங்கை நண்டு’ என்றே அதற்குப் பெயர். நிலத்திலும் உயிர்வாழ்கிறதே, ஆகவே அது இருவாழ்வி என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் அதன் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். நண்டு சுவாசிப்பது பூக்களினால். பூவறைக்குள் சிறிது ஈரம் தங்கியிருக்கும் வரையே கரையில் அதற்கு உயிர். பெண் நண்டு முட்டைகளைப் பொரிக்கச் செய்வதற்குக் கழியைவிட்டுக் கடலுக்கே செல்கின்றது. குஞ்சுகள் கடல் நீரில் வளர்ந்து பின்னர் கழிக்குத் திரும்புகின்றன. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், அந்நாட்டு உலமா சபையான மஜ்லிஸ் உலமா இந்தோனேசியா, உயிரியல் அறிஞர்களை அழைத்து இவ்விபரங்களைக் கேட்டறிந்தது. அதன்பின் 2002ஆம் ஆண்டில், இந்நண்டு வகைகள் நீர்வாழ்வனவே. உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்காத வரை ஹலால் என்று ஃபத்வா வெளியிட்டது.

இதனைக் கூறுவதால் நண்டு உண்ணாதவர் நாளை முதல் உண்ண வேண்டும் என்பதல்ல எனது கருத்து. பேணுதலுக்காக ஒருவர் தவிர்ந்துகொண்டால் அது பாராட்டத்தக்கது. மார்க்கத் தீர்ப்பு ஒன்றை வழங்குவதற்கு முன் உலமாக்கள் எவ்வளவு கேட்டறிகிறார்கள் என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பார்த்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு பெற்றோரின் சமையலறைக்குத் தீர்ப்பு வழங்குவது அறிவுடைமையாகாது.

உலக முஸ்லிம்களின் உணவில்

கேரளாவின் தலச்சேரி, கோழிக்கோடு பகுதிகளில் வாழும் மாப்பிள்ளை முஸ்லிம்கள் நம்மைப் போன்று ஷாஃபிஈகள். அவர்கள் கல்லுமக்காய் எனும் மட்டியின் ஓட்டைத் திறந்து, அரிசியும் தேங்காயும் சேர்த்து அரைத்த மாவை உள்ளே அடைத்து, ஆவியில் அவித்து, மசாலா தடவிப் பொரித்து நோன்பு திறக்கும் வேளையில் பரிமாறுவர். துருக்கியின் இஸ்தன்பூல் நகர வீதிகளிலும் ஏறக்குறைய இதே உணவைக் காணலாம். ‘மிதியே தொல்மா’ என்ற பெயரில், மசாலாச் சோறு அடைத்த மட்டியை எலுமிச்சை பிழிந்து விற்பர். ஆனால் துருக்கியர் பெரும்பாலும் ஹனஃபிகள். ஆதலால் அங்கே பேணுதலுள்ளோர் பலர் அதனைத் தவிர்ந்துகொள்வர். எகிப்தின் போர்ட் ஸயீத் போன்ற கடற்கரை ஊர்களில் ‘உம்முல் குலூல்’ எனும் சிறு மட்டியை உப்பிலிட்டு உண்பர். வளைகுடா நாடுகளில் ‘ருப்யான்’ எனப்படும் இறாலுடன் சோறு சமைப்பர். நமது வீடுகளில் முருங்கையிலை இட்டு ஆக்கும் நண்டுக் கறியைப் போன்றே அவர்களுக்கு அவை தாயின் கைச்சுவை.

ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் மக்கள் இத்தனை விதமாக உண்கின்றனர். இத்தனை விதமாகத் தவிர்கின்றனர். நமது நாட்டிலேயே மேமன் சமூகத்தவர் ஹனஃபிகள், நாம் ஷாஃபிஈகள். திருமண விருந்தில் ஒரே ஸஹனைச் சுற்றி அமரும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருமுறை பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அது தமது சமூகத்தாரின் ஊரில் இல்லாததால் தமக்கு அதில் விருப்பமில்லை என்று கூறி நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதனைத் தம்பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே உண்டார்கள். நபியவர்கள் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. உணவை ஒருபோதும் குறைகூறாதிருப்பது நபியவர்களின் வழக்கம். விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள்.

எனவே விருந்தளிக்கும் பெற்றோரே, ஒரு ஸஹனில் நண்டோ இறாலோ வைப்பதாயின் அதனைத் தனிக் கோப்பையில் வையுங்கள். தவிர்ந்துகொள்ள விரும்புபவர் சங்கடப்படமாட்டார். விருந்துண்ணும் இளைஞரே, உமக்கு உடன்பாடில்லையெனில் மௌனமாக அடுத்த கறியை எடுத்துக்கொள்ளும். சபையில் பிரசங்கம் செய்ய வேண்டாம்.

ஹலால் மட்டும் போதுமா?

நேயர்களே, இப்போது இவ்வுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். அல்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ‘ஹலால்’ என்ற சொல்லோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் இணைத்தே கூறுகின்றது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது, தீங்கற்றது. நண்டு ஹலாலா என்று மணிக்கணக்கில் தர்க்கிக்கும் நாம், அது தய்யிபா என்று ஒரு கணமேனும் கேட்பதில்லை. முன்னையதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பின்னையதில் வேறுபாடே இல்லை. உயிருக்குத் தீங்கு விளைவிப்பதை உண்பது கூடாது என்பதில் அனைவரும் ஒன்றுபட்டுள்ளனர்.

மட்டியும் சிப்பியும் இடைவிடாது நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்பவை. நீரில் மலக்கழிவு கலந்திருந்தால் அதுவும் அவற்றின் உடலில் சேரும். 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஷங்ஹாய் நகரில், கழிவுநீர் கலந்த கடலில் எடுத்த மட்டியை அரைகுறையாக வேகவைத்து உண்டதால் சுமார் மூன்று இலட்சம் பேர் செங்கமாரி நோயால் பீடிக்கப்பட்டனர்.

வேகவைத்தாலும் நீங்காத நஞ்சும் உண்டு. கடலில் சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு மட்டியில் சேர்கின்றது. மட்டிக்கு எதுவும் நேராது. உண்பவரின் உதடும் நாவும் மரத்து, மூச்சு அடைபடும். 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கேரளாவின் விழிஞம் எனும் மீனவர் ஊரில் மட்டி உண்ட ஏழு பேர் இவ்வாறு உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களும் நம்மைப் போன்று தலைமுறை தலைமுறையாக மட்டி உண்டு பழகிய மக்களே.

முருகைக் கற்களிடையே வாழும், ஓட்டில் அழகிய கோலங்கள் கொண்ட சில நண்டு இனங்களும் கொடிய நஞ்சுடையவை. எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. ஆதலால் பிள்ளைகள் கல்லிடுக்கில் பிடித்து வரும் அறிமுகமில்லாத நண்டைச் சட்டியில் இடாதீர்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்:

1. சாக்கடை விழும் இடத்திலும் எண்ணெய் படியும் இறங்குதுறையிலும் எடுத்த மட்டியை வாங்க வேண்டாம். கடல் நீர் நிறம் மாறியிருக்கும் நாட்களில் மட்டியை அறவே தவிருங்கள்.

2. மட்டியை உயிரோடு வாங்குங்கள். வாய் திறந்திருந்து, தட்டியும் மூடாத மட்டி இறந்தது. அது விரைவில் கெட்டுவிடும். அதனை எறிந்துவிடுங்கள். மற்றவற்றை நன்கு வேகவையுங்கள்.

3. இறாலின் முதுகில் ஓடும் கரிய நரம்பு உண்மையில் அதன் குடலாகும். அதனைக் கீறி எடுத்துக் கழுவுங்கள்.

4. இறாலோ நண்டோ உண்டபின் பிள்ளைக்கு உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அது ஒவ்வாமை. “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம்” என்று எண்ணாமல் உடனே வைத்தியரை நாடுங்கள். உலகம் முழுவதற்கும் ஹலாலான இறால், அதனால் உயிராபத்து நேரும் அப்பிள்ளைக்கு ஆகாது.

ஹோட்டல்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கும், தொழில் தேடி வெளிநாடு செல்வோருக்கும் மேலும் ஒரு சொல். பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளில் மட்டியை வெள்ளைத் திராட்சை மதுவில் வேகவைப்பது பெருவழக்கு. மட்டி ஹலாலாக இருக்கலாம். அதில் ஊற்றிய மது ஹராம். தட்டில் இருப்பது எது என்பதோடு, அது எதில் வெந்தது என்றும் கேளுங்கள்.

பிடிப்பதிலும் விற்பதிலும் மார்க்கம் உண்டு

நமது மாவட்டக் கடலில் டைனமைற் வெடி வைத்து மீன்பிடிக்கும் தீமை நெடுங்காலமாக உள்ளது. வெடியில் மீன் மாத்திரம் சாவதில்லை. முருகைக் கற்கள் சிதறுகின்றன. அவற்றில் மறைந்து வாழும் சிங்கி இறாலும், குஞ்சும், முட்டையும் அழிகின்றன. கைகளை இழந்த வாலிபர்களும் உள்ளனர். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றமாகும். ஒரு தாயிறாலின் வயிற்றில் உள்ள இலட்சக்கணக்கான முட்டைகள் நமது பேரப்பிள்ளைகளின் ரிஸ்க். அல்லாஹ் பயணிகளுக்கும் சேர்த்து அருளிய கடலை ஒருவர் ஒரு நாள் இலாபத்துக்காக அழிப்பது பிறர் உரிமையைப் பறிப்பதாகும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். மேலே புதிய இறாலைப் பரப்பி, அடியில் நேற்றைய இறாலை வைத்து விற்பவருக்கும் அவ்வெச்சரிக்கை உரியதே.

உயிரினத்தைக் கொல்லும்போதும் நன்முறையைக் கையாளுமாறு நபியவர்கள் கற்பித்துள்ளார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் இடுவதை சுவிட்சர்லாந்து 2018ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. நமக்கோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொதுவிதி தரப்பட்டுவிட்டது. நண்டையும் சிங்கி இறாலையும் ஐஸ் கலந்த நீரில் இட்டு, உணர்விழந்து அடங்கியபின் கூரிய கத்தியால் வெட்டிச் சமையுங்கள். அதன் கால்களைப் பிய்த்து விளையாடும் சிறுவர்களைத் தடுத்து, அது பாவம் என்று சொல்லிக் கொடுங்கள்.

முடிவாக

அன்பின் இளைஞர்களே, கருத்து வேறுபாடுள்ள விடயத்தில் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு, உங்கள் மனம் அமைதி பெறும் வழியைப் பின்பற்றுங்கள். மற்றவரை அவரது வழியில் விட்டுவிடுங்கள். கருத்து வேறுபாடில்லாத விடயங்களில், அதாவது தீங்கானதைத் தவிர்ப்பது, நேர்மையாக விற்பது, கடலை அழிக்காதிருப்பது, உயிரினத்தை வதைக்காதிருப்பது ஆகியவற்றில் உறுதியாக நில்லுங்கள். பெற்றோர்களே, இன்றிரவு உணவு வேளையில் இவ்விடயத்தைப் பிள்ளைகளோடு பேசுங்கள். “நாம் இதனை ஏன் உண்கிறோம்”, “நாம் இதனை ஏன் உண்பதில்லை” என்பதற்குக் காரணம் கூறுங்கள். காரணம் அறிந்த பிள்ளை பிறரை இகழாது.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்குவாயாக. கடலுக்குச் செல்லும் எங்கள் சகோதரர்களைப் பாதுகாப்பாகக் கரை சேர்ப்பாயாக. எங்கள் கருத்து வேறுபாடுகளைப் பகையாக மாற்றிவிடாது, எங்கள் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக. ஆமீன்.